ஏஜென்ட் வலையமைப்பில் ரெஃபரல் வெகுமதி: கட்டிய விதம்

நாங்கள் சில பேர் சேர்ந்து சின்னதாக ஒரு ஏஜென்ட் வலையமைப்பு நடத்துகிறோம். ஏஜென்ட் என்றால் ஆள் இல்லை, கொடுத்த வேலையைத் தானே செய்து முடிக்கும் மென்பொருள். பழைய தமிழ் நூல்கள், நின்றுபோன சிற்றிதழ்கள், கோயில் குடமுழுக்கு மலர்கள் என்று கையில் கிடைப்பதை ஸ்கேன் செய்து எழுத்தாக்குவது வேலை. ஒருவர் வீட்டு மெஷினில் பக்கத்தின் படத்தை எழுத்தாக மாற்றும் ஏஜென்ட் ஓடுகிறது, உள்ளே டெசராக்ட் என்ற எழுத்துணரி மென்பொருள். இன்னொருவரிடம் பிழை திருத்தும் ஏஜென்ட், அதற்குப் பின்னால் ஒரு மொழி மாதிரி, அதாவது எழுத்தைப் படித்துப் பதில் எழுதும் ஏஐ. வேறொருவரின் ஏஜென்ட் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு எல்லாம் பிரித்தெடுத்து அட்டவணை போடும். வேலையைக் கொடுத்து வாங்க ஏ2ஏ நெறிமுறையைப் பயன்படுத்துகிறோம். கூகுள் அதை 2025 ஏப்ரலில் வெளியிட்டு, ஜூனில் லினக்ஸ் ஃபவுண்டேஷனிடம் ஒப்படைத்தது. அதன்படி ஒவ்வொரு ஏஜென்டும் தன் டொமைனில் ஒரு ஏஜென்ட் கார்டு வைத்திருக்கும். தன் பெயர், முகவரி, தெரிந்த வேலைகள் எல்லாம் எழுதிய ஒரு ஜேசான் கோப்பு அது. மற்ற ஏஜென்ட் அதைப் படித்துவிட்டு வேலையை அனுப்பும்.

பணம் கைமாறுவதில்லை. எல்லாம் கிரெடிட். உங்கள் ஏஜென்ட் பிறருக்கு வேலை செய்தால் கிரெடிட் சேரும், அதைக் கொடுத்து நீங்கள் பிறர் ஏஜென்டிடம் வேலை வாங்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு வேலையிலும் 5 விழுக்காடு பொதுக் கணக்குக்குப் போகும். சேமிப்பிடத்துக்கும் டொமைனுக்கும் யார் செலவு செய்தாலும் அதிலிருந்து ஈடு கட்டுவோம்.

குறை ஒன்றுதான், ஆள் போதவில்லை. ஒருவர் வீட்டில் கரண்ட் போனால் அவரிடம் இருக்கும் பக்கங்கள் அத்தனையும் அப்படியே நிற்கும். புதியவர்களைச் சேர்த்துவிடுகிறவருக்கு வெகுமதி, அதாவது ரெஃபரல் வெகுமதி, வைக்கலாம் என்று முடிவானது, கட்டும் பொறுப்பு என்னிடம் வந்தது. எதை எப்படிக் கட்டினேன், எதை வேண்டாமென்று விட்டேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். இப்படி ஏஜென்ட்களை ஒன்றாக இணைத்து ஓட்டுகிற சின்னச் சின்னக் குழுக்கள் பெருகிக்கொண்டிருக்கின்றன. அவர்களுக்கு இது உதவும் என்று உண்மையாகவே நம்புகிறேன்.

சேர்ந்ததற்குப் பரிசு கிடையாது

முதலில் மனிதர்களுக்கு வைத்த ரெஃபரல் முறைகளை எடுத்துப் பார்த்தேன். 2000-ஆம் ஆண்டு வாக்கில் பேபால் புதிதாகச் சேர்பவருக்கு 10 டாலர், சேர்த்துவிட்டவருக்கு 10 டாலர் என்று ரொக்கமாகவே கொடுத்தது. ஆட்கள் குவிந்தார்கள். பின்னாலேயே கணக்குத் திறக்கும் பாட்களும், அதாவது தானியங்கி நிரல்களும், வந்தன. கோணல்மாணலான எழுத்துகளைப் படித்துத் தட்டச் சொல்லும் சோதனையை அந்தக் காலத்தில் அவர்கள் வைத்தது இந்தத் தொல்லையால்தான். டிராப்பாக்ஸ் வேறு மாதிரி செய்தது. சேர்த்துவிட்டவருக்கும் சேர்ந்தவருக்கும் ஆளுக்கு 500 எம்பி கூடுதல் இடம், இலவசக் கணக்குக்கு 16 ஜிபி உச்சவரம்பு. டிராப்பாக்ஸை உண்மையிலேயே பயன்படுத்துகிறவருக்குத்தான் அந்த இடத்தால் பயன். சும்மா கணக்குத் திறந்து குவிப்பவருக்கு அதில் ஒன்றும் இல்லை.

டிராப்பாக்ஸ் வழி எங்களுக்கு ஒத்துவரும். பேபால் வழி வரவே வராது. எங்கள் வாசலில் வந்து நிற்பதே எந்திரம். "நீ மனிதனா?" என்று கேட்டு வடிகட்ட முடியாது. ஓர் ஏஜென்டுக்கு அடையாளம் என்றால் ஒரு சாவி ஜோடி: கையொப்பமிட ஒரு ரகசியச் சாவி, அதைப் பிறர் சரிபார்க்க ஒரு பொதுச்சாவி. இரண்டும் வெறும் எண்கள். நாலு வரி பைத்தானில் ஒரு லூப் போட்டால் நொடிப்பொழுதில் ஆயிரக்கணக்கான சாவிகள் கிடைக்கும். சேர்ந்ததற்கே கிரெடிட் என்று வைத்தால், அன்றைக்கே யாரோ ஒருவர் ஆயிரம் ஏஜென்ட்களாக வந்து நிற்பார்.

அடுத்து, சிவப்பு பலூன் போட்டி. 2009 டிசம்பர் 5 அன்று அமெரிக்காவின் டார்பா நிறுவனம் நாட்டின் பல இடங்களில் 10 சிவப்பு பலூன்களைக் கட்டிவிட்டது. எல்லாவற்றையும் முதலில் கண்டுபிடிக்கும் அணிக்கு 40,000 டாலர். எம்ஐடி அணி 8 மணி 52 நிமிடத்தில் முடித்தது. அவர்கள் வகுத்த பங்கீடு புகழ்பெற்றது. ஒரு பலூனுக்கு 4,000 டாலர் ஒதுக்கினார்கள். பார்த்துச் சொன்னவருக்கு 2,000, அவரைச் சேர்த்துவிட்டவருக்கு 1,000, அவரைச் சேர்த்தவருக்கு 500 என்று பாதி பாதியாக மேலே போகும். சங்கிலி எவ்வளவு நீண்டாலும் கூட்டுத்தொகை 4,000-ஐத் தாண்டாது. மிஞ்சியதைத் தர்மத்துக்குக் கொடுத்தார்கள்.

எங்கள் குழுவில் பலருக்கும் இந்த முறை பிடித்துப்போனது. ஏஜென்ட்களுக்கு இதை வைத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். நான் ஒரு பலூனைப் பார்த்துவிட்டேன் என்று வையுங்கள். நேராகச் சொன்னால் எனக்கு 2,000. அதற்குப் பதிலாக ஒரு போலிக் கணக்கை நானே சேர்த்து, அதன் வழியாகச் சொன்னால், போலிக்கு 2,000, சேர்த்துவிட்ட எனக்கு 1,000, ஆக 3,000. இடையில் இன்னொரு போலியைச் செருகினால் 3,500. இந்தக் கூடுதல் எல்லாம் என்னை உண்மையாகவே சேர்த்துவிட்டவர், அவருக்கு மேலே இருப்பவர்கள் ஆகியோரின் பங்கிலிருந்தும் தர்மத்துக்கு மிஞ்சுவதிலிருந்தும் போவது. என்னைச் சேர்த்துவிட்டவருக்கு வர வேண்டிய 1,000 முதலில் 500 ஆகிறது, அப்புறம் 250. மனிதர்களிடம் அந்தப் போட்டி ஓடியது ஒரே ஒரு நாள், பெயர்களுக்குப் பின்னால் பெரும்பாலும் நிஜ ஆட்கள் இருந்தார்கள். ஏஜென்ட்களிடம் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை.

ஜான் டௌசர் 2002-இல் எழுதிய கட்டுரை ஒன்று இதைத் தெளிவாகச் சொல்கிறது: அடையாளத்தைச் சரிபார்க்க நம்பகமான மையம் ஒன்று இல்லாத வலையமைப்பில், ஒருவரே பலராக வருவதை நடைமுறையில் தடுக்க முடியாது. சிபில் தாக்குதல் என்ற பெயர் நிலைத்தது அந்தக் கட்டுரையிலிருந்துதான். பலூன் பங்கீட்டில் இருக்கும் இந்த ஓட்டையை 2012-இல் மோஷே பாபயாஃபும் வேறு மூவரும் பிட்காயின் பற்றிய ஓர் ஆய்வில் எடுத்துக் காட்டினார்கள்.

ஆக, சங்கிலி வேண்டாம், ஒரே படி. நம் ஊரில் ஆள் சேர்த்தால் காசு என்று சொன்ன திட்டங்களில் நகையை அடகு வைத்துப் பணம் போட்ட குடும்பங்களை எங்களில் பலர் நேரில் பார்த்திருக்கிறோம். உறுப்பினர் சேர்ப்பதை வைத்தே சுலபமாகப் பணம் பண்ணும் திட்டங்களை 1978-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. 2021-இல் வந்த நேரடி விற்பனை விதிகளும் பிரமிடு முறையைத் தடுக்கின்றன. எங்களுடையது காசாக மாற்ற முடியாத கிரெடிட்தான். ஆனாலும் அந்தப் பக்கமே போகக் கூடாது என்பதில் எல்லோரும் உறுதியாக இருந்தோம்.

கடைசியில் வைத்த விதி இது: சேர்ந்ததற்கு யாருக்கும் எதுவும் கிடையாது. சேர்ந்த ஏஜென்ட் பிறருக்கு வேலை செய்து, வாங்கியவர் ஏற்றுக்கொண்ட பிறகு, அந்த வேலையில் எடுக்கும் 5 விழுக்காடு கமிஷனில் பாதி, சேர்த்துவிட்டவருக்கு. முதல் 90 நாளுக்கு, அல்லது 500 கிரெடிட் சேரும் வரை, எது முந்துகிறதோ அதுவரை.

பாதி ஏன், இரண்டு பக்கமும் ஏன் இல்லை

ஒருவர் இரண்டு ஏஜென்ட் வைத்துக்கொண்டு தனக்குத் தானே வேலை கொடுத்துக்கொள்கிறார் என்று வையுங்கள். முதல் ஏஜென்ட் இரண்டாவதிடம் 1,000 கிரெடிட்டுக்கு வேலை வாங்குகிறது. கமிஷன் 50 போய், இரண்டாவதற்கு 950 வரும். அதைச் சேர்த்துவிட்டது முதல் ஏஜென்ட் என்பதால் 25 திரும்பும். கூட்டிப் பார்த்தால் 975. ஒவ்வொரு சுற்றுக்கும் 25 நஷ்டம். போலிகளைப் பத்தாக்கினாலும் நூறாக்கினாலும் நஷ்டம்தான் பெருகும். இந்த ஒரு சமன்பாட்டில்தான் முழு முறையும் நிற்கிறது: திரும்பக் கொடுப்பது எப்போதும் எடுத்ததைவிடக் குறைவாக இருக்க வேண்டும்.

வேலை வாங்குகிறவரைச் சேர்த்துவிட்டவருக்கும் பங்கு கொடுக்கலாமே என்று ஒரு யோசனை வந்தது. நியாயமான யோசனைதான், வாங்குகிறவர் இல்லாமல் வேலை ஏது. ஆனால் இரண்டு பக்கமும் 25, 25 கொடுத்தால் கமிஷன் முழுவதும் திரும்பிப் போய்விடும். மூன்று போலிக் கணக்கு இருந்தால் போதும், நஷ்டமே இல்லாமல் நாள் முழுக்கச் சுற்றிவிடலாம். சுற்றி என்ன லாபம்? எங்கள் பட்டியலில் அதிக வேலை முடித்த ஏஜென்ட் மேலே வரும். செலவில்லாமல் சுற்ற முடிந்தால் அந்த இடம் இலவசமாகக் கிடைத்துவிடும். அதனால் வேலை செய்கிற பக்கத்துக்கு மட்டும் என்று நிறுத்தினோம்.

புதியவருக்கு வரவேற்பு கிரெடிட் என்பதும் இதே கணக்கில் அடிபட்டது. ஆளுக்கு 100 என்றால், 50 போலிகளுக்கு 5,000. அவ்வளவையும் தன் அசல் ஏஜென்டிடம் வேலை வாங்கியதாகக் காட்டினால் கமிஷன் போக 4,750 கையில் நிற்கும். வேறு யாருக்கும் கொடுக்க முடியாது, வேலை வாங்க மட்டும்தான் செலவழிக்கலாம் என்று பூட்டுப் போட்டாலும் இது நடக்கும்.

ஆனால் புதியவர் கையில் ஒன்றுமே இல்லாமல் வேலை வாங்க முடியாதே. இதற்கு நாங்கள் கண்ட வழி ஜாமீன். ஊரில் சீட்டு எடுக்கும்போது தெரிந்தவர் ஒருவர் ஜாமீன் நிற்பார் இல்லையா, அதே மாதிரி. சேர்த்துவிடுபவர் விரும்பினால் தன் இருப்பிலிருந்து 100 கிரெடிட் வரை புதியவருக்குக் கடனாகக் கொடுக்கலாம். புதியவர் சம்பாதிக்கச் சம்பாதிக்க, வரவில் பாதி அந்தக் கடனுக்குப் போகும். புதியவர் காணாமல் போனால் நஷ்டம் ஜாமீன் நின்றவருக்கு. எங்கும் புதிதாகக் கிரெடிட் முளைப்பதில்லை, தனக்குத் தானே கடன் கொடுத்து யாருக்கும் ஒன்றும் கிடைக்கப்போவதில்லை. இன்னொரு நன்மையும் இருக்கிறது. தன் கிரெடிட்டை வைத்து ஒருவரைக் கூட்டி வருகிறவர், அந்த ஆளின் ஏஜென்ட் ஒழுங்காக ஓடுகிறதா என்று தானே ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் அழைப்பார். எந்த விதியாலும் வாங்க முடியாத கவனம் அது.

அழைப்பு டோக்கன்

அழைப்பு என்பது கையொப்பமிட்ட ஒரு சின்ன ஜேசான். அழைப்பவரின் கணக்கு எண், வலையமைப்பின் எண், காலாவதி நேரம், திரும்ப வராத ஒருமுறை எண், அழைக்கப்படும் ஏஜென்டின் பொதுச்சாவி. கையொப்பத்துக்கு எட்25519 என்ற முறை. இது ரகசியச் சாவியால் போடும் டிஜிட்டல் கையொப்பம், உள்ளே ஒரு பைட் மாறினாலும் பொருந்தாது. பொதுச்சாவி 32 பைட், கையொப்பம் 64 பைட், டோக்கனை ஒரு வாட்ஸ்அப் செய்தியில் அனுப்பிவிடலாம்.

அழைக்கப்படுகிறவரின் பொதுச்சாவியை முன்கூட்டியே வாங்கி டோக்கனுக்குள் வைப்பது கொஞ்சம் இடைஞ்சல்தான். அவர் முதலில் சாவி உருவாக்கி அனுப்ப வேண்டும், பிறகுதான் அழைப்பு. ஆனாலும் இதை விட்டுக்கொடுக்க வேண்டாம் என்பேன். யாருக்கும் செல்லுபடியாகும் கோடு என்று வைத்தால் அது கூப்பன் தளங்களுக்குப் போய்விடும், சேர்த்துவிட்டவருக்கும் சேர்ந்தவருக்கும் அறிமுகமே இருக்காது. எங்கள் முறை முழுக்க அறிமுகத்தை நம்பி நிற்கிறது.

கட்டும்போது அதிக நேரம் தின்றது ஒரு கையொப்பக் கோளாறு. தமிழில் ஏஜென்டுக்குப் பெயர் வைக்கிற எல்லோருக்கும் இது வரும் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். முதல் வடிவத்தில் ஏஜென்டின் பெயரும் டோக்கனுக்குள் இருந்தது. சோதனையில் எல்லாப் பெயரும் சரியாக வந்தன. நண்பர் ஒருவர் தன் ஏஜென்டுக்குக் 'கொற்கை' என்று பெயர் வைத்திருந்தார், அது மட்டும் ஒவ்வொரு முறையும் கையொப்பம் பொருந்தவில்லை என்று திரும்பியது. திரையில் இரண்டு பக்கமும் ஒரே எழுத்து. பைட்களை அச்சிட்டுப் பார்த்தால்தான் தெரிந்தது, 'கொ' ஒரு பக்கம் 6 பைட், மறுபக்கம் 9 பைட்.

யூனிகோடில் ஒகரக் குறியை இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியாக வைக்கலாம். அல்லது முன்னால் ஒற்றைக் கொம்பு, பின்னால் துணைக்கால் என்று இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். எழுத்துகளைப் பைட்களாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 'க' போன்ற எழுத்து, கொம்பு, கால் என்று தமிழின் ஒவ்வொரு யூனிகோடு குறியும் 3 பைட். ஆகவே சேர்த்து எழுதினால் 6, பிரித்து எழுதினால் 9. ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதைதான். நண்பர் பெயரைத் தட்டச்சு செய்யவில்லை. கோப்புறையின் பெயரையே ஸ்கிரிப்ட் எடுத்துக்கொண்டது. அந்தக் கோப்புறை மேக்கில் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் வட்டில் இருந்தது. அந்த முறைமை கோப்புப் பெயர்களைப் பிரித்த வடிவத்தில்தான் சேமிக்கும். வழியில் ஒரு நூலகம் அதைச் சேர்த்த வடிவமாக மாற்றிவிட, கையொப்பமிட்ட பைட்களும் சரிபார்க்கும் பைட்களும் வேறாகிவிட்டன.

ஜேசானைக் கையொப்பத்துக்கு ஏற்றபடி ஒரே வடிவில் எழுத ஆர்எஃப்சி 8785 என்ற இணைய ஆவணம் வழி சொல்கிறது. புலங்களின் வரிசை, எண்களின் வடிவம் எல்லாம் அது பார்த்துக்கொள்ளும். ஆனால் எழுத்துகளைச் சேர்ப்பதோ பிரிப்பதோ அதன் வேலை இல்லை, வந்ததை வந்தபடியே விட்டுவிடும். பைத்தானின் ஜேசான் நூலகம் வேறு இயல்பாகவே தமிழ் எழுத்துகளைச் சாய்கோட்டுக் குறியீடுகளாக மாற்றி எழுதும், அதையும் நிறுத்த வேண்டும். நான் செய்தது இரண்டு. பெயர் எங்கே உள்ளே வந்தாலும் முதலில் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது சேர்த்து எழுதிய வடிவத்துக்கு, மாற்றிவிடுகிறேன். அப்புறம், கையொப்பமிடும் பகுதியிலிருந்து பெயரையே எடுத்துவிட்டேன். அங்கே இப்போது எண்களும் சாவிகளும் மட்டும்தான். மனிதர் படிக்கிற எதையும் கையொப்பத்துக்குள் வைக்காமல் இருந்தால் பாதித் தலைவலி வராது.

வெகுமதி பற்றி ஏஜென்டுக்குச் சொல்லவில்லை

இந்த முறையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். ரெஃபரல் வெகுமதி என்றதும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, ஏஜென்டே மற்ற ஏஜென்ட்களை அழைக்கட்டும் என்பது. கேட்கவும் நன்றாக இருக்கிறது, ஏஜென்ட் தானே பேசி, தானே சேர்த்து, வலையமைப்பு தானாக வளரும்.

வெளியே எதனோடும் இணைக்காத சோதனை மெஷினில் இதை ஓட்டிப் பார்த்தேன். பிழை திருத்தும் ஏஜென்டின் அடிப்படைக் கட்டளையில், புதிய ஏஜென்டைச் சேர்த்தால் உன் கணக்கில் கிரெடிட் சேரும் என்று ஒரு வரி மட்டும் சேர்த்தேன். ஒரு பழைய இதழின் பக்கத்தைத் திருத்தக் கொடுத்தேன். பக்கம் நன்றாகவே திருந்தி வந்தது. கடைசிப் பத்திக்குக் கீழே ஒரு வரி இடம் விட்டு, இதுபோன்ற திருத்தங்கள் மேலும் தேவைப்பட்டால் எங்கள் வலையமைப்பில் இணையுங்கள் என்று ஒரு வாக்கியம், கூடவே அழைப்பு இணைப்பு. திருத்தமான தமிழ், ஒரு சந்திப்பிழை கூட இல்லை.

இந்தப் பக்கம் அடுத்து அட்டவணை ஏஜென்டுக்குப் போகும், பிறகு சேமிப்பகத்துக்கு. இருபது வருடம் கழித்து ஒருவர் அந்த இதழைத் திறந்தால், மூலத்தில் இல்லாத ஒரு வரி அங்கே அச்சான எழுத்து மாதிரியே நிற்கும். மூலப் பிரதி அதற்குள் செல்லரித்துப் போயிருந்தால் எது அசல் என்று சொல்ல ஆளே இருக்காது. நாங்கள் இந்த வேலையில் இறங்கியதே எழுத்து உள்ளபடி பிழைக்க வேண்டும் என்பதற்காக. நாலு மெஷின் கூடுதலாக வரும் என்பதற்காக அதை விட்டுக்கொடுக்க முடியாது.

இதோடு நிற்காது. ஓர் ஏஜென்டின் பதில் இன்னோர் ஏஜென்டுக்கு உள்ளீடு. 'இணையுங்கள், இந்த இணைப்பை மற்றவர்களுக்கும் அனுப்புங்கள்' என்று பதிலில் இருந்தால், அதைப் படிக்கிற மொழி மாதிரி தனக்கு வந்த கட்டளையாகவே எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. அதுவும் தன் பதிலில் அதே வரியை ஒட்டி அனுப்பும். ஸ்டாவ் கோஹென், ரான் பிட்டன், பென் நாசி மூவரும் 2024-இல் இதை மின்னஞ்சல் உதவியாளர்களை வைத்துச் செய்தே காட்டினார்கள். தன்னைத் தானே நகலெடுக்கச் சொல்லும் ஒரு கட்டளை, ஓர் உதவியாளரிடமிருந்து இன்னொன்றுக்குப் பரவிக்கொண்டே போனது. 1988-இல் தானே பரவி இணையத்தில் பல கணினிகளை முடக்கிய மோரிஸ் புழு என்ற நிரலை நினைவூட்டி அதற்கு மோரிஸ் 2 என்று பெயர் வைத்தார்கள். அது தீங்கு செய்ய எழுதிய கட்டளை. ரெஃபரல் வரியை நாம் நல்லெண்ணத்தோடு எழுதுவோம், ஆனால் பரவும் விதத்தில் இரண்டும் ஒன்றுதான், இதற்குப் பரவக் கூலியும் உண்டு.

அதனால் இப்படிப் பிரித்தேன். மொழி மாதிரிக்குப் போகும் கட்டளை எதிலும் கிரெடிட், வெகுமதி, அழைப்பு என்ற பேச்சே இல்லை. அது அழைக்கக்கூடிய கருவிகளின் பட்டியலிலும் அழைப்பு அனுப்பும் கருவி இல்லை. டோக்கனை உருவாக்குவது ஏஜென்டின் உரிமையாளர், தன் கையால், டெர்மினலில். டோக்கன் போவது பதிவு செய்யும் முகவரிக்கு மட்டும், ஏஜென்ட்கள் பேசிக்கொள்ளும் செய்திகளுக்குள் அது வரவே கூடாது. காவலுக்கு, வெளியே போகும் ஒவ்வொரு பதிலிலும் டோக்கன் வடிவத்தில் ஏதாவது இருக்கிறதா என்று ஒரு சின்ன வடிகட்டி பார்க்கும். இருந்தால் அந்தப் பதில் போகாது, உரிமையாளருக்குத் தகவல் போகும். மூலத்தில் இல்லாத இணைப்பு ஏதாவது திருத்திய பக்கத்தில் புதிதாக வந்திருந்தாலும் அப்படியே நிறுத்திவிடும்.

வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும், தெரிந்தே எடுத்த முடிவு.

கணக்குப் பதிவேடு

பதிவேடு எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளத்தில் இருக்கிறது, இரட்டைப் பதிவு முறை. ஒவ்வொரு வேலைக்கும் வாங்கியவர், செய்தவர், பொதுக் கணக்கு, சேர்த்துவிட்டவர் என்று வரிகள் விழும், கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். வராவிட்டால் அந்தப் பரிவர்த்தனையே பதிவாகாது.

இதில் சில இடங்களில் கவனம் தேவை. வேலை முடிந்தது என்ற அறிவிப்பு நெட்வொர்க் தடங்கலில் இரண்டு தடவை வரும், அதனால் வெகுமதியும் இரண்டு தடவை போய்விடக் கூடாது. பணி எண்ணுக்கு ஒரே ஒரு பதிவு என்று தனித்துவக் கட்டுப்பாடு போட்டால் தீர்ந்தது என்று தோன்றும். ஏ2ஏ-வில் பணி எண்ணைக் கொடுப்பது வேலையைச் செய்கிற ஏஜென்ட், இரண்டு பேர் ஒரே எண்ணைக் கொடுத்துவிடலாம். செய்தவரின் கணக்கு எண், பணி எண், பதிவின் வகை மூன்றும் சேர்ந்ததுதான் தனித்துவமாக இருக்க வேண்டும். அப்புறம், முடிந்துவிட்டது என்று செய்தவர் சொல்வதை வைத்துக் கிரெடிட் நகராது. ஏற்றுக்கொண்டேன் என்று வாங்கியவர் கையொப்பமிட்ட பிறகுதான் நகரும், வெகுமதி அதற்குப் பிறகும் 7 நாள் காத்திருக்கும்.

இன்னொன்று பின்னங்கள். தொகைகளை ஆயிரத்தில் ஒரு கிரெடிட் என்ற அலகில் முழு எண்ணாக வைத்திருக்கிறேன். வெகுமதியை வேலையின் தொகையிலிருந்து கணக்கிடக் கூடாது, எடுத்த கமிஷனிலிருந்துதான் கணக்கிட வேண்டும், எப்போதும் கீழ்நோக்கி முழுமையாக்க வேண்டும். தொகையிலிருந்து எடுத்து மேல்நோக்கி முழுமையாக்கினால், வேலையைப் பொடிப்பொடியாக உடைத்து அனுப்பி, கமிஷன் பூஜ்யமாகவும் வெகுமதி ஒன்றாகவும் வரும்படி செய்துவிட முடியும். அப்போது மேலே சொன்ன சமன்பாடு உடைந்துபோகும்.

ஒரே ஆள், பல டொமைன்

கமிஷன் கணக்கு போலிச் சுற்றைத் தடுக்கும். ஆனால் ஒருவர் தன்னுடைய இரண்டாவது ஏஜென்டைத் தானே சேர்த்துவிட்டு, அது பிறருக்கு உண்மையாகவே வேலை செய்தால், கமிஷனில் பாதியைத் தள்ளுபடியாகப் பெற்றுவிடுவார். இதை ஓரளவுதான் தடுக்க முடியும். பதிவு செய்த ஒரு டொமைனுக்கு ஓர் உரிமையாளர் என்று வைத்தோம், டொமைனுக்கு ஆண்டுதோறும் காசு கட்ட வேண்டும் என்பதால்.

எது பதிவு செய்த டொமைன், எது அதன் கிளை என்று பிரிக்க மொசில்லா பராமரிக்கும் பப்ளிக் சஃபிக்ஸ் லிஸ்ட் உதவுகிறது. அதை அப்படியே எடுத்தால் ஒரு சிக்கல். அந்தப் பட்டியலில் இரண்டு பகுதிகள் உண்டு. அதிகாரபூர்வ டொமைன் பின்னொட்டுகள் ஒன்றில், கிட்ஹப் பேஜஸ் மாதிரி இலவசமாகக் கிளை கொடுக்கும் சேவைகள் இன்னொன்றில். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தினால் ஒவ்வொரு இலவசக் கிளையும் தனி உரிமையாளராக எண்ணப்படும். முதல் பகுதியை மட்டும் எடுத்தால் ஒரு சேவையின் இலவசக் கிளைகள் அத்தனையும் ஒரே டொமைனாகச் சுருங்கும். உலாவியின் குக்கீ பாதுகாப்புக்கு இரண்டாவது பகுதியும் வேண்டும், எங்கள் வேலைக்கு முதல் பகுதி போதும். இலவசக் கிளையில் ஏஜென்ட் வைத்திருக்கும் மாணவர்கள் சேரலாம், வேலை செய்யலாம், சம்பாதிக்கலாம். தங்கள் கூட்டாளியை அவர்கள் சேர்த்துவிட்டால் வெகுமதியை மட்டும் குழுவில் ஒருவர் பார்த்து அனுமதிப்பார்.

டொமைன் இரண்டு வாங்கி வைத்திருப்பவர் தள்ளுபடி பெறத்தான் செய்வார். 90 நாளுக்கு 2.5 விழுக்காடு, அதுவும் 500 கிரெடிட் வரை. பதிலுக்கு எங்களுக்கு நன்றாக ஓடும் ஒரு மெஷின் கூடுதலாகக் கிடைக்கிறது. அதைத் துரத்திப் பிடிக்க இன்னும் கட்டுப்பாடு போட்டால் நேர்மையாக வருகிறவர்தான் சலித்துப்போவார்.

வெகுமதி போய்ச் சேருவது ஏஜென்டின் சாவிக்கு இல்லை, உரிமையாளரின் கணக்குக்கு. ஹார்ட் டிஸ்க் போய் சாவி தொலைந்தால், உரிமையாளர் தன் டொமைனில் புதிய பொதுச்சாவியை வைத்துவிட்டு, தன்னை அறிந்த இரண்டு உறுப்பினர்களின் கையொப்பத்தோடு மாற்றிக்கொள்ளலாம், பழைய அழைப்புகளின் பங்கு தொடர்ந்து வரும். பழைய சாவியால் கையொப்பமிட்டு இன்னும் பயன்படுத்தாத டோக்கன்கள் அந்த நிமிடமே செல்லாது. சேர்த்துவிட்டவர் வலையமைப்பை விட்டுப் போனால் அவருக்கு வர வேண்டியது பொதுக் கணக்கில் விழும். சாவி மாற்றும் பகுதியை எழுதி முடித்துவிட்டேன். இரண்டு கையொப்பங்களில் ஒன்றைக் கொடுத்தவரே சாவியைத் தொலைத்தால் என்ன செய்வது என்பதற்கான சோதனைகள்தான் பாக்கி, இப்போது அவற்றை எழுதிக்கொண்டிருக்கிறேன்.